‘டி டிரைவ்’ வேறு குடோன் அல்ல



நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். பதினொரு லட்ச ரூபாய் பாக்கிக் கணக்கை ஒரே காலையில் தொலைத்தவன் என்பதுதான் தகுதி. என்னைப் போல் இன்னொருவர் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதத் துணிந்தேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மளிகை மொத்தக் கடை. கரியாலூரில் ஒரு சிறு குடோன். வெள்ளிமலை, கரியாலூர் சுற்றிலுமுள்ள மலைக் கிராமங்களின் கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது. மலை வியாபாரம் பெரும்பாலும் கடன் வியாபாரம். மரவள்ளி வெட்டி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லோடு போய், பணம் கைக்கு வந்த பிறகுதான் குடியானவர் கடைக்காரருக்குக் கொடுப்பார், கடைக்காரர் நமக்குக் கொடுப்பார். ஆகவே பாக்கிப் பட்டியல்தான் என் உண்மையான முதல். குடோனில் இருக்கும் சரக்கு அதற்கு அடுத்தபடிதான்.

2019 மார்ச் கடைசி வாரம், வருடக் கணக்கு முடிக்கும் நேரம். ஒருநாள் காலை கம்ப்யூட்டர் எழவில்லை. கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பெட்டிக்குள் ‘டிக்... டிக்’ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. காற்றாடியில் தூசி என்று விட்டுவிட்டேன். கணக்கெழுதும் தம்பியைக் கூப்பிட்டேன். “பயப்படாதீங்க முதலாளி, தினமும் டி டிரைவுல பேக்கப் போட்டுட்டுதான் வீட்டுக்குப் போறேன்” என்றார். எனக்கும் உயிர் வந்தது.

மாலையில் சர்வீஸ் ஆள் வந்து பெட்டியைத் திறந்தார். சி, டி என்று திரையில் இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க் என்றார். ஒரே குடோனுக்கு நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, இந்தப் பக்கம் அரிசி, அந்தப் பக்கம் பருப்பு என்று அடுக்குகிறோம் அல்லவா? தடுப்பு இருக்கிறது என்பதற்காக அது இரண்டு குடோன் ஆகிவிடாது. தீப்பிடித்தால் அரிசியும் போகும், பருப்பும் போகும். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் செய்தார். எங்கே வைக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்காத முதலாளி நான்தான்.

டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். உள்ளே தட்டு கீறிவிட்டது, ஒன்றும் மீட்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கார்பன் வைத்து இரட்டைப் பிரதி பில் போடுவதைக் காகிதச் செலவு மிச்சம் என்று 2015லேயே நிறுத்தியிருந்தேன். வங்கிக்குக் கொடுத்த பிப்ரவரி அறிக்கையில் மொத்தப் பாக்கித் தொகை மட்டும் இருந்தது. யார் எவ்வளவு என்பது எங்கும் இல்லை.

பிறகு என்ன, மலைக்குப் புறப்பட்டேன். கடை கடையாக ஏறி, “என் கணக்கு அழிந்துவிட்டது, நீங்கள் எவ்வளவு தரவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்பது ஒரு வியாபாரிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் வயதான அம்மா ஒருவர் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. சுவரில் தொங்கிய காலண்டர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சில் கோடுகளும், பேரன் எழுதிக் கொடுத்த தொகைகளும் இருந்தன. “தம்பி, உன் பொட்டி மறந்துட்டா நானும் மறந்துடணுமா?” என்று சொல்லி 8,340 ரூபாய் என்று கணக்குச் சொன்னார்.

ஒன்பது லட்சத்துக்கு மேல் அப்படித்தான் வசூலானது. வராமல் போன தொகையைப் பற்றி எனக்கு இன்று வருத்தமில்லை. ஏற்கெனவே பாக்கியைக் கட்டி முடித்திருந்த ஒருவரிடம், தெரியாமல் மறுபடியும் போய்க் கேட்டுவிட்டேன். இருபது வருடப் பழக்கம். ரசீதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரக்கு எடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் எழுதும் இடம் இரண்டு. ஒன்று ராம் என்பது. அது கல்லா மேசை போல. வேலை நடக்கும்வரை எல்லாம் மேசைமேல் இருக்கும். கரண்ட் போனால் மேசை துடைத்தது போல் காலியாகிவிடும். இன்னொன்று டிஸ்க். அதுதான் குடோன். கரண்ட் போனாலும் சரக்கு இருக்கும். பாதி எழுதிய பில் கரண்ட் போனதும் காணாமல் போவது இதனால்தான். யு.பி.எஸ். என்ற பேட்டரிப் பெட்டி வீண் செலவல்ல. பில்லைச் சேமித்து, ஒழுங்காக நிறுத்துவதற்கு அது கொடுக்கும் பத்து நிமிடம்தான் அதன் விலை.

குடோனிலும் இரண்டு ரகம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் கண்ணாடி போல் வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மயிரிழைக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கும். அதிர்ச்சியில் முனை தட்டைத் தொட்டால் கீறல்தான். புதிதாக வருவது எஸ்.எஸ்.டி. அதில் சுற்றுவது ஒன்றுமில்லை, வேகமும் அதிகம். ஆனால் பழையது சாகும்முன் முனகும், என்னுடையது நான்கு நாள் முனகியது. புதியதோ பல சமயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பென் டிரைவும் அந்தச் சாதியே, ஆனால் மலிவு ரகம். இரண்டு இடத்துக்கு இடையே எடுத்துப் போகலாம். வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்து நம்பக்கூடாது.

1956ல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் ஐம்பது பெரிய தட்டுகளுடன், ஒரு டன்னுக்கு மேல் எடையில் இருந்தது. கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே 3, 4 மெகாபைட் இருக்கிறது.

பைட் என்றால் என்ன? எழுத்தை அளக்கும் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட். யூனிகோடு முறையில் நம் ‘க’ வழக்கமாக மூன்று பைட், ‘கி’ ஆறு பைட். ஆயிரம் பைட் சுமாராக ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோ ஒரு மெகா, ஆயிரம் மெகா ஒரு கிகா. ஒரு பில்லுக்கு மூன்று கிலோபைட் என்று தாராளமாகவே வைப்போம். நாளொன்றுக்கு நூறு பில், வருடத்துக்கு முந்நூறு நாள் என்றால் 90 மெகாபைட். பத்து வருடக் கணக்கும் ஒரு கிகாவுக்குள் அடங்கும். மென்பொருள் தன் பங்குக்குச் சேர்க்கும் சுமையைப் பத்து மடங்கு என்று வைத்தாலும் சின்னப் பென் டிரைவில் அடங்கிவிடும். ஆகவே “இடமில்லை, அதனால் பேக்கப் போடவில்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடத்தை அடைப்பது கணக்கல்ல, கல்யாண வீடியோதான்.

அடுத்தது நெட்வொர்க். கடையில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தவரை இந்தப் பேச்சு கிடையாது. பில் போட ஒன்று, சரக்கு வரவு எழுத ஒன்று, பிரிண்டர் ஒன்று என்று ஆனவுடன் அவை பேசிக்கொள்ள வழி வேண்டும். கடைக்குள்ளேயே நடக்கும் இந்தப் பேச்சுக்கு லேன் என்று பெயர். நடுவில் ஸ்விட்ச் என்ற சிறு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கேபிள். இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. நெட் போய்விட்டால் பிரிண்டரும் வேலை செய்யாது என்று நினைத்துக் கடையைச் சாத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தச் செம்புக் கேபிளுக்கு ஒரு எல்லை உண்டு. நூறு மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. கடைக்கும் குடோனுக்கும் இடையே தெருவைத் தாண்டி இழுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மலையில் கோடை இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். செம்புக் கம்பி மின்னலின் அதிர்வை வீட்டுக்குள் அழைத்து வரும். கரியாலூரில் ஒரே இடியில் எனக்கு ஸ்விட்ச்சும் பிரிண்டரும் ஒன்றாகப் போயின. கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதற்கு அதுவே நல்லது. வைஃபை போதாதா என்றால், தகரக் கூரையும் ஆளுயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளும் அந்த சிக்னலை விழுங்கிவிடும். உப்பு மூட்டை வந்த நாளில் பில் மெஷின் படுத்துக்கொள்வது பேய் வேலை அல்ல.

லேனில் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். எல்லாத் தெருவிலும் 12ஆம் நம்பர் வீடு இருப்பது போல, இந்த எண்கள் ஆயிரக்கணக்கான கடைகளில் ஒன்றாகவே இருக்கும், தவறில்லை. ஆனால் ஒரே தெருவில் இரண்டு 12 இருந்தால் தபால்காரர் குழம்புவார். ஒரே கடையில் இரண்டு மெஷினுக்கு ஒரே எண் விழுந்தால் பில் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. தெருமுனையில் நின்று வெளியே போவதையும் உள்ளே வருவதையும் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். அதன் பாஸ்வேர்டை வாங்கிய நாளில் இருந்தபடியே வைத்திருப்பவர் கடைச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போகிறவர்தான்.

கணக்கு முழுவதும் ஒரே மெஷினில் இருந்து மற்றவை அதைக் கேட்டு எழுதினால் அந்த மெஷின் சர்வர். அது தனியாக இருக்கவேண்டும். பேரப்பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் சர்வராக இருக்கக்கூடாது. வேண்டுமென்றே எழுதுகிறேன், நம் சங்கத்தில் பாதிப் பேர் கடையில் அதுதான் நிலைமை.

வெளியூருக்குக் கணக்கு எப்படிப் போகிறது? முழு லோடாகப் போகாது. சிறுசிறு சிப்பமாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் அனுப்புவோர், பெறுவோர் எண்ணும், எத்தனையாவது சிப்பம் என்பதும் ஒட்டப்பட்டுப் போகும். சில சிப்பம் வேறு வழியாகவும் போகலாம். ஒன்று வழியில் தொலைந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லாரி செட்டில் இந்த வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு வித்தியாசம் முக்கியம். லாரியில் ஏற்றினால் சரக்கு இங்கே குறைகிறது. நெட்டில் போவது நகல். அசல் இங்கேயே இருக்கும். நகல் எடுக்கச் செலவில்லாத சரக்கு இது ஒன்றுதான். அதை நகல் எடுக்காமல் விட்டுத்தான் நஷ்டப்படுகிறோம்.

“எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிட்டால் தொல்லையே இல்லை” என்று இளைய தலைமுறை சொல்கிறது. என் மகனும் சொன்னான். கிளவுட் என்றால் ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. சென்னையிலோ மும்பையிலோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் கூடத்தில் நமக்கு ஒரு வாடகை அறை. தீ, வெள்ளம், திருட்டு என்று பார்த்தால் நம் குடோனைவிட அது பத்திரமான இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 மழைக்காலத்தில் மலைப்பாதையில் கேபிள் அறுந்து, கரியாலூர் குடோனில் மூன்று நாள் நெட் இல்லை. பில் போடும் மென்பொருளையே கிளவுடுக்கு மாற்றியிருந்தோம். கண் எதிரே சரக்கு, வாசலில் ஆள், விலைப் பட்டியலோ பாக்கியோ பார்க்க வழியில்லை. கடைசியில் கடைப் பையன் எட்டாம் வகுப்பு நோட்டைக் கிழித்துத் துண்டுச் சீட்டில் எழுதினான்.

கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்க மத்திய அரசு 2011ல் தொடங்கிய திட்டம் இன்று பாரத்நெட் என்ற பெயரில் நடக்கிறது. நம் மாநிலத்திலும் அதற்கென்று தனிக் கழகம் இருக்கிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால் எந்த இழையும் ஒரு மண்வெட்டிக்கு அறுந்துவிடும். ஆகவே மலையில் இருப்பவர்கள் நெட் இல்லாதபோதும் உள்ளூரிலேயே பில் போட்டு, நெட் வந்தபின் மேலே அனுப்பும் மென்பொருளைத்தான் வாங்கவேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. விற்கவரும் பையனிடம் முதல் கேள்வி, “வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டு” என்பதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த வாடகை அறை யார் பெயரில், யார் செல்போன் எண்ணில் திறக்கப்பட்டது? பல கடைகளில் கணக்கெழுதும் பையனின் எண்ணில் இருக்கிறது. ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் வேறு வேலைக்குப் போனால் நம் கணக்கைத் திறக்க அவர் வீட்டுக்கு நாம் நடக்கவேண்டும்.

சிங்க் என்று ஒன்றும், பேக்கப் என்று ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் அநேகர். சிங்க் என்பது இரண்டு இடத்தையும் ஒரேமாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் என்பது நேற்றைய நிலையை நேற்றையபடியே எடுத்து வைப்பது. அழித்து எழுதியதும் அடித்தல் திருத்தலும் நாளைக்கு வந்தால், நேற்றைய சிட்டையைப் புரட்டிப் பார்ப்போம் அல்லவா, அதுபோல.

இதில் திருட்டுப் பயமும் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை யாரோ பூட்டிவிட்டார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனை, ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளுக்குக் கையால் சீட்டு எழுதியது. 2024 ஜூலை இறுதியில் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் ஒரு நிறுவனம் இதேபோல் தாக்கப்பட்டு, முந்நூறு அளவிலான சிறு வங்கிகளின் யு.பி.ஐ. சேவை நின்றது. இந்தப் பூட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரோடு செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டுவார்கள். பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வைக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

வயதில் மூத்த நண்பர் ஒருவர், “இந்தத் தொல்லையே வேண்டாம், பேரேட்டுக்கே திரும்பிவிடலாம்” என்கிறார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கரையான் அரித்த பேரேடுகளை நானும் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம் கணக்கு எப்படியும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்சும் கட்டாயம். சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஆண்டு ரிட்டர்ன் கட்டவேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கவேண்டும். மின்னணுக் கணக்கு வைப்பவர்கள், விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்து அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்கவேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி இருக்கிறது. என் ஆடிட்டர் இதைக் காட்டியபோதுதான், எனக்கு நேர்ந்தது நஷ்டம் மட்டுமல்ல, விதி மீறலும்கூட என்று தெரிந்தது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு விதமான பொருளில், ஒன்று வேறு ஊரில் என்று கம்ப்யூட்டர்காரர்களிடம் ஒரு விதி உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. படச்சுருளைப் பறிகொடுத்தவனுக்குத்தானே அதன் அருமை தெரியும். கடைக் கம்ப்யூட்டரில் அசல். இரவில் கிளவுடுக்கு ஒரு நகல். வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், மற்றொன்று கரியாலூர் குடோனில் பிஸ்கட் டின்னில். ஞாயிறுதோறும் லோடு வண்டி மேலே போகும்போது ஒன்று போகும், ஒன்று இறங்கும். வழியில் தொலைந்தால் அடுத்தவர் படிக்கக்கூடாது என்று பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறோம்.

வேறு ஊர் எதற்கு என்றால், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டமும் தப்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கம்ப்யூட்டர் மேசைக்கடியில் தரையில் இருந்தது, பேக்கப் பென் டிரைவ் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே நனைந்தன.

மாதம் ஒருமுறை அந்த நகலைப் பேரனின் பழைய லேப்டாப்பில் ஏற்றி, ஏதாவது மூன்று கடையின் பாக்கியைப் பார்க்கிறேன். சரியாக வந்தால்தான் அது பேக்கப். திறந்து பார்க்காத மூட்டையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒன்றாம் தேதி பாக்கிப் பட்டியல் காகிதத்திலும் அச்சாகிறது, இரண்டே தாள். ஒவ்வொரு கடைக்கும் அவரவர் பாக்கிச் சீட்டு போகிறது. காலண்டர் அம்மா அதை வாங்கி, தன் பென்சில் கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையொப்பத்துக்குப் பெருவிரல் வைக்கிறார்.

கம்ப்யூட்டர் இல்லாத சிறு கடைக்காரர்களும் இதை ஒதுக்கவேண்டாம். உங்கள் கடன் நோட்டின் பக்கத்தை வாரம் ஒருமுறை செல்போனில் படமெடுத்து மகனுக்கோ மருமகளுக்கோ அனுப்பி வைத்தால் அதுவும் வேறு ஊர்ப் பிரதிதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தராசு முத்திரைக்கு முகாம் நடத்துகிறோம், உணவு உரிமத்துக்கு நடத்துகிறோம். இதற்கும் அரைநாள் ஒதுக்கவேண்டும். மென்பொருள் விற்பவர்களைப் பேச அழைக்கவேண்டாம், அவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரை அழைப்போம். அன்றைக்கு என் பழைய ஹார்ட் டிஸ்க்கை மூடி கழற்றிக் கொண்டுவருகிறேன். தட்டின் மேல் வட்டமாக ஓடும் கீறல் கண்ணுக்கே தெரியும், கையில் வாங்கிப் பார்க்கலாம்.